சாய்மானம் அரசனுக்கு மட்டும்

இலங்கைக்கு வந்த பழைய பயணிகளின் கண்ணில் முதலில் பட்டது மாணிக்கம்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இலங்கை மன்னனிடம் ஒரு சாண் நீளமும் ஆள் கைப் பருமனும் கொண்ட மாணிக்கம் இருந்ததாக எழுதினார். 1344இல் புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகத் தங்கிய இபின் பதூதா, உள்ளங்கை அகல மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் எண்ணெய் இருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். நல்ல செய்திகள்தான். ஆனால் அந்த மன்னர்களின் குடிகள் எதில் உட்கார்ந்தார்கள், தேங்காயை எதில் துருவினார்கள், தண்ணீரை எப்படிக் குடித்தார்கள் என்று கேட்டால் இவர்களிடம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. விருந்தாளிக்கு அடுக்களை வரை வேலை இல்லை.

அடுக்களையைப் பற்றி எழுத ஒரு கைதி வேண்டியிருந்தது. அவன் பெயர் ராபர்ட் நாக்ஸ்.

கதை சென்னையைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. 1659 நவம்பர் 19 அன்று மசூலிப்பட்டினத் துறையில் பெரும் புயல் அடித்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் இருந்த ‘ஆன்’ என்ற கப்பல் அதில் மாட்டிக்கொண்டது. கப்பலைக் காப்பாற்ற நடுப்பாய்மரத்தையே வெட்டித் தள்ளினார்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகள், பரங்கிப்பேட்டைக்குக் கொஞ்சம் துணி ஏற்றிக்கொண்டு, அப்படியே திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்குப் போய் வியாபாரமும் செய்து, புதுப் பாய்மரமும் நட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். கப்பல் தலைவரின் பெயரும் ராபர்ட் நாக்ஸ். அவருடைய மகன்தான் நம்முடைய ஆள். வயது 19.

கண்டியில் அப்போது இரண்டாம் ராஜசிங்கன் ஆட்சி. கடற்கரையை டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்த காலம். கரையில் இறங்கும் வெள்ளைக்காரன் எவனாக இருந்தாலும் மன்னனுக்குச் சந்தேகம். வெளிநாட்டு ஆட்களைப் பிடித்துச் சேர்த்துவைப்பதில் அவனுக்கு ஒரு தனி ஆர்வமும் இருந்தது. 1660 ஏப்ரலில் அப்பாவும் பிள்ளையும் கப்பலாட்களுமாக 16 பேர் பிடிபட்டார்கள். மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் இருந்த மரத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்றே பின்னாளில் பெயர் வந்தது. நினைவுக்கல்லும் நட்டார்கள்.

கண்டி மன்னன் இவர்களுக்குச் சிறைச்சாலை கட்டவில்லை. ஊருக்கு ஓரிருவராகப் பிரித்து அனுப்பி, ஊரார் சோறு போட வேண்டும் என்று கட்டளையிட்டான். காவல் என்று பார்த்தால் காடும் மலையும்தான். அப்பாவும் பிள்ளையும் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் விடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காய்ச்சலில் அப்பா இறந்தார். பிணத்தைத் தூக்க உதவி கேட்டான் பையன். ஊரார் கொடுத்தனுப்பியது மாடு கட்டும் கயிறு: கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போட்டுவிடு என்றார்கள். வேறு ஆள் பிடித்துத்தான் அடக்கம் செய்தான்.

அதற்குப் பிறகு அவன் அங்கே வாழ்ந்த பதினெட்டு ஆண்டுகளில் செய்த வேலைகளைப் பார்த்தால், எந்த அரசாங்கத் தூதுவனுக்கும் வாய்க்காத படிப்பு அது. சமைத்த சோறு வேண்டாம், அரிசியாகக் கொடுங்கள் என்று பேசி வாங்கினான். பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினான். தலைச்சுமை வியாபாரியாக ஊர் ஊராகப் போனான். கண்டிக்குப் பக்கத்தில் எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி, வீடு கட்டி, தென்னை வைத்தான். வீடு கட்டியவனுக்குத்தானே சட்டி பானை விலை தெரியும்? 1681இல் லண்டனில் அச்சான அவனுடைய இலங்கை வரலாற்று நூலை நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது இதற்காகத்தான். அதில் அரண்மனை வருகிறது, போர் வருகிறது. எனக்குப் பிடித்தது வீட்டுச் சாமான் பட்டியல்.

முதலில் வீடு. குச்சி நட்டு, களிமண் பூசி, வழுவழுவென்று தேய்த்த தாழ்வான சுவர். மேலே கூரை வேய்ந்திருக்கும். ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆணி அடிக்க வேண்டிய இடமெல்லாம் பிரம்பாலும் காட்டுக்கொடியாலும் கட்டியிருக்கும். பெரிய பிரபுக்கள் சிலரைத் தவிர யாரும் தச்சனைக் கூப்பிடுவதில்லை, அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொண்டார்கள். புகைபோக்கி இல்லாததால் மூலையில் எரியும் அடுப்பின் கரி வீடு முழுக்கப் படிந்திருக்கும்.

ஏழ்மை என்று நாம் முடிவுகட்டுவதற்குள் நாக்ஸ் இன்னொன்றைச் சொல்கிறான். மாடி வைக்கக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. குடிகளுக்கு அனுமதி இல்லை. சுண்ணாம்புபோலவே வெளுத்த ஒரு களிமண் கிடைத்தது, அதை வேண்டுமானால் பூசிக்கொள்ளலாம். ஆக, சுவர் வெள்ளையாக இருந்தால் குற்றமில்லை, சுண்ணாம்பால் வெளுத்தால்தான் குற்றம்! இப்படிப்பட்ட சட்டத்தை யோசித்துப் போட ஒரு மன்னன் இருந்தான் என்பதும், அதற்குள் புகுந்து வர ஒரு வெள்ளைக் களிமண் இருந்தது என்பதும் கண்டி அரசைப் பற்றி நிறையவே சொல்கின்றன.

இனி உள்ளே. சில மண்பானைகள். அலமாரி கிடையாது என்பதால், பிரம்பில் பின்னிய உறியில் வீட்டின் நடுவே தொங்கும். சாப்பிட ஒன்றிரண்டு பித்தளை வட்டில். தானியம் வைக்கக் கூடைகள். தரையில் விரித்துப் படுக்கச் சில பாய்கள். வீட்டுக்காரனுக்கும் வந்த விருந்தாளிக்கும் அதுதான் படுக்கை. நெல் குத்தக் கருங்காலி உலக்கை, நான்கடி நீளம். உமி போன அரிசியைத் தீட்டி வெளுப்பாக்க மர உரல். மிளகும் மஞ்சளும் அரைக்க ஒரு தட்டைக் கல்லும், கையில் பிடித்து உருட்ட இன்னொரு கல்லும். தேங்காய் துருவ ஒரு துருவலை. கோடாலி, வெட்டுகத்தி, மண்வெட்டி, வாச்சி, உளி. மேசை கிடையாது, தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

துருவலையை அவன் சிங்களப் பெயர் சொல்லியே எழுதுகிறான். அம்மிக்கும் குழவிக்கும் அவனிடம் பெயர் இல்லை, வேலையைச் சொல்கிறான். இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரும். உறியும் உரலும் அம்மியும் பாயும் பாட்டி வீட்டுச் சாமான்தானே, இதில் என்ன வரலாறு என்று தோன்றும். லண்டன் வாசகனுக்கு அப்படி இல்லை. அவனுக்கு வீடு என்றால் மேசை, நாற்காலி, கட்டில். அவை இல்லாத ஒரு வீட்டை அவன் கற்பனையில் கொண்டுவர, ஒவ்வொரு சாமானாக எண்ணிக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அவசியம் நமக்கு லாபமாயிற்று.

பட்டியலின் நடுவே ஒரு சாமானை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். உட்கார ஒன்றிரண்டு முக்காலிகள் இருந்தன என்கிறான். எதற்கும் சாய்மானம் கிடையாது. சாய்ந்து உட்கார்வது அரசனுக்கு மட்டும் உரிய உரிமை. நாட்டில் வேறு யாருடைய முதுகுக்குப் பின்னாலும் பலகை இருக்கக் கூடாது.

சாய்மானம் இல்லாத முக்காலியும் எல்லோருக்கும் இல்லை. நாக்ஸ் சாதிகளை வரிசைப்படுத்தும் பகுதியை இந்த முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். உயர்குடியினர் உட்காரலாம். பொற்கொல்லர், இரும்புக்கொல்லர், தச்சர், ஓவியர் ஆகியோரும் உட்காரலாம், ஆனால் உயர்குடியினர் அவர்களோடு சேர்ந்து உண்ண மாட்டார்கள். நாவிதர் மேற்சட்டை போடலாம், முக்காலியில் உட்காரக் கூடாது. குயவருக்கு மேற்சட்டையும் இல்லை, முக்காலியும் இல்லை, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கவும் கூடாது.

குயவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அந்த நாட்டில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. நம்மைப்போல அண்ணாந்துதான் குடிப்பார்கள். அதற்காகவே மூக்கு வைத்த கெண்டி இருந்தது. உயர்குடியினர் வீட்டு வாசலில் தாழ்ந்த சாதிக்காரன் தாகம் என்று நின்றால், அவன் கையை வாயருகே குவித்துக்கொண்டு வாயைத் திறந்து நிற்க வேண்டும். வீட்டுக்காரன் மேலிருந்து ஊற்றுவான். கெண்டியைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. குயவன் மட்டும் தானே கெண்டியை எடுத்து ஊற்றிக் குடிக்கலாம், ஏனென்றால் அதைச் செய்தவன் அவன். செய்த கை பட்டால் தீட்டில்லை என்று அந்தச் சமூகம் ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. குளத்து மண்ணை மிதித்துச் செய்த பானைக்கு இருந்த மரியாதை அந்த மனிதனின் முதுகுக்கும் காலுக்கும் ஏன் இல்லை என்று நாக்ஸ் கேட்கவில்லை. நாமும் நம் ஊர் டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்தவர்கள்தான். கேட்கும் தகுதி நமக்கும் குறைவு.

முக்காலியில் உட்காரும் உரிமையை முழுக்க அனுபவித்தவன் கொல்லன். நாக்ஸ் வரைந்திருக்கும் கொல்லுலைக் காட்சி அந்த நூலின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று.

ஊரான் ஒருவன் மண்வெட்டி அடிக்க வருகிறான். இரும்பும் கரியும் அவனே கொண்டுவர வேண்டும். கொல்லன் முக்காலியில் அசையாமல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பான். முன்னால் பட்டறைக்கல். இடது கைப்பக்கம் உலை. வலது கையில் சின்னச் சுத்தியல். துருத்தி ஊதுவது வந்தவன் வேலை. இரும்பு பழுத்ததும் கொல்லன் எடுத்துக் கல்லில் பிடிப்பான், எழுந்திருக்க மாட்டான். சம்மட்டி அடிப்பதும் வந்தவன்தான். நடுநடுவே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உருவத்தைச் சரிசெய்வதோடு கொல்லன் வேலை முடிந்தது. அரம் போட வேண்டிய சாமான் என்றால், முதலில் போய்க் கல்லில் தேய்த்துக் கொண்டுவா என்று அனுப்புவான். வந்தவன் முடிந்த மட்டும் தேய்த்துக் கொண்டுவந்த பிறகு, கடைசியில் அரத்தை எடுத்து மெருகேற்றிக் கொடுப்பான். கூலி அறுவடையில் நெல்லாக வரும்.

இவ்வளவு மிடுக்கு எங்கிருந்து வந்தது என்றும் நாக்ஸ் சொல்கிறான். ஒவ்வொரு ஊருக்கும் இன்ன கொல்லன் என்று கட்டு இருந்தது. அடுத்த ஊர்க் கொல்லனிடம் போக முடியாது. போட்டி இல்லாத கடையில் முதலாளி எழுந்து நிற்பானா?

கொல்லரோடு உயர்குடியினர் ஏன் சேர்ந்து உண்பதில்லை என்பதற்கு அந்த ஊரார் ஒரு கதை சொன்னார்களாம். முன்காலத்தில் இரு சாராரும் சமமாக உண்டார்கள். ஒருநாள் உயர்குடியினர் சிலர் கொல்லுலைக்கு வந்து காத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளை வந்தது. கொல்லன் அவர்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு உள்ளே சாப்பிடப் போய்விட்டான். பசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவமானம் பொறுக்கவில்லை. இனி எவனும் கொல்லன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று உயர்குடியினர் கூடி முடிவெடுத்தார்கள். நடந்ததோ இல்லையோ, கதை நன்றாகப் பொருந்துகிறது. ஒரு வேளைச் சோறு போடாததற்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை.

ஆயுதங்களுக்கு வருவோம். வாள், ஈட்டி, வில்லும் அம்பும், நல்ல துப்பாக்கி. கண்டிப் படையின் கையில் இருந்தவை இவை. வெட்டவெளியில் எதிரியை நேருக்கு நேர் சந்திப்பதை அவர்கள் தவிர்த்தார்கள். புதருக்குள் பதுங்கி, ஒடுங்கிய மலைப்பாதையில் எதிரி மாட்டும்போது அடிப்பதுதான் வழக்கம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் பட்ட பாட்டுக்குக் காரணம் ஆயுதத்தைவிட இந்த வழக்கம்தான்.

படைவீரனின் சாமான்களில் நாக்ஸை அதிகம் வியக்கவைத்தது வாளோ துப்பாக்கியோ அல்ல, தாளிப்பனை ஓலை. ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்கிறான். காய்ந்த பிறகும் ஒடியாது. விசிறிபோல மடியும், விரியும். எடையும் இல்லை. துண்டு போட்டு, கூரான முனை முன்னால் வரும்படி தலையில் வைத்துக்கொண்டால், புதர்க்காட்டில் கிளைகளை விலக்கி வழியும் உண்டாக்கும். வெயிலுக்குக் குடை, இரவில் கூடாரம். படைக்குக் கூடாரம் சுமக்க மாட்டுவண்டி வேண்டாம், சாலையும் வேண்டாம். அரிசியும் சட்டியும் அவனவன் தலையில். மலைநாட்டில் ஐரோப்பியப் படை பீரங்கியோடும் மூட்டை முடிச்சோடும் திணறியதை இந்த ஓலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் போரின் கணக்குப் புரியும். இதே ஓலையில்தான் எழுத்தாணியால் எழுதவும் செய்தார்கள்.

யானையும் ஆயுதம்தான். மரண தண்டனை நிறைவேற்றும் யானையின் தந்தத்தில் மூன்று விளிம்புகள் கொண்ட கூரிய இரும்புக் குப்பி ஒன்றை மாட்டுவார்கள் என்று எழுதி, அதற்குப் படமும் போட்டிருக்கிறார்கள். 1681ஆம் ஆண்டுப் பதிப்பின் செதுக்குப் படங்களில் அடிக்கடி எடுத்துப் போடப்படும் படம் அதுவாகத்தான் இருக்கும். லண்டனில் புத்தகம் விற்க அது உதவியிருக்கும்.

வாளுக்கும் முக்காலி மாதிரியே ஒரு சட்டம். தோளில் குறுக்கே வார் போட்டு, இடுப்பில் தொங்கும்படி வாள் அணியும் உரிமை மன்னனுக்கு இருந்தது. அவனுடைய வாளுக்குத் தங்கப் பிடி, உறையின் பெரும்பகுதியும் தங்கத் தகடு. அதே பாணியில் வாள் தொங்கவிட எந்தச் சிங்களவனும் துணிய மாட்டான், வெள்ளைக்காரன் செய்யலாம். கைதிக்குக் கொடுத்த சலுகை பிரபுவுக்கு இல்லை! வெள்ளைக்காரன் எப்படியும் ஆட்சிக்கு ஆசைப்பட முடியாத அந்நியன் என்பதால் மன்னன் பயப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாள் இன்னோர் இடத்திலும் வருகிறது. மலைநாட்டுக்குள் நுழையும் ஒடுங்கிய கணவாய்களில் முள்வேலிக் கதவுகள் இருந்தன. முள் கிளைகளைப் பின்னிக் கதவாக்கி, ஏற்றி இறக்கும்படி அமைத்திருந்தார்கள். பக்கத்தில் காவலர். மன்னனின் அனுமதி முத்திரை இல்லாமல் ஓர் ஆள் கடக்க முடியாது. முத்திரை என்றால் ஓலையோ தாளோ அல்ல, களிமண்ணில் பதித்த உருவம். படைவீரன் என்றால் தோளில் ஈட்டி சாய்த்த மனிதன். சுமைகாரன் என்றால் காவடித் தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு பை தொங்க நடக்கும் மனிதன். வெள்ளைக்காரன் என்றால் தலையில் தொப்பி, இடுப்பில் வாள். ஒரு கூட்டத்தில் எத்தனை பேரோ, களிமண்ணில் அத்தனை உருவங்கள் இருக்க வேண்டும். காவலாளிக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ஏமாற்றவும் வழியில்லை: வாளும் தொப்பியும் போட்ட உருவத்தைக் காட்டி ஒரு சிங்களவன் போக முடியாது, ஈட்டிக்கார உருவத்தைக் காட்டி நாக்ஸ் ஓட முடியாது.

நேரம் காட்டும் கருவி ஒன்றையும் குறித்திருக்கிறான். அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணத்தைப் பானைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள், நிறைந்து மூழ்கினால் ஒரு பொழுது. பகலுக்கு 30, இரவுக்கு 30. நம் நாழிகை வட்டில்தான். அரண்மனையில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனி ஆள் உண்டு. குடிகள் விதைப்பு முகூர்த்தம் போன்ற சமயங்களில் மட்டும் எடுப்பார்கள். மற்ற நாளில் அவர்களுக்கு அந்திமந்தாரை போன்ற ஒரு பூவே போதும், அது மாலை நான்கு மணி வாக்கில் மலரும்.

தப்பியோட்டம் 1679 செப்டம்பர் 22இல் தொடங்கியது. கூட வந்தவன் சக கைதி ஸ்டீவன் ரட்லண்ட். வியாபாரிகள்போல வேடம். எடுத்துப்போன சாமான்களின் பட்டியலையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறான்: பத்து நாளுக்கு அரிசி, இறைச்சி, மிளகு, உப்பு. சமைக்க வட்டில். தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுக்கை. இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. கருப்பட்டியும் பலகாரமும். வெற்றிலை, புகையிலை. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு மூன்று சக்கிமுக்கிப் பெட்டிகள். காலில் முள் தைக்காமல் செருப்புத் தைத்துக்கொள்ள ஒரு மான்தோல். ஆளுக்கு ஒரு சிறு கோடாலி, ஒரு கத்தி. ஐரோப்பியப் பொருள் என்று சொல்ல இதில் அநேகமாக ஒன்றும் இல்லை. கண்டிச் சீமைக் குடியானவன் காட்டுக்குப் போனால் எடுத்துப்போகும் சாமான்கள்தான். பத்தொன்பது ஆண்டில் அவன் எவ்வளவு உள்ளூர்க்காரன் ஆகிவிட்டான் என்று அவன் வாயால் சொன்னதைவிட இந்த மூட்டை சொல்லிவிடுகிறது.

வடக்கே அனுராதபுரத்தை அடைந்தபோது பேச்சு மாறிவிட்டது. அங்கிருந்தவர்களுக்குச் சிங்களம் புரியவில்லை. மலபார்கள் என்று நாக்ஸ் குறிப்பிடுவது தமிழர்களை. ஐரோப்பியர் அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள். மொழிபெயர்ப்பாளன் வழியாக அவர்களுடைய தலைவனிடம் உப்புக்கண்டம் வாங்க வந்தோம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். கண்டி மன்னனின் கடைசிக் காவல் அங்கே இருந்தது. அதற்கு அப்பால் அவனுக்கு அடங்கிய குடிகள் இல்லை.

அந்த ஊரை ஊர் என்றே சொல்ல முடியாது என்கிறான் நாக்ஸ். ஒருகாலத்தில் தொண்ணூறு மன்னர்கள் அங்கிருந்து ஆண்டார்கள் என்றும், கோயில்களும் கல்தூண்களும் சிலைகளும் எழுப்பிய புண்ணியத்தால் அவர்கள் உயர்ந்த கதி அடைந்ததாக மக்கள் நம்பினார்கள் என்றும் கேட்டு எழுதினான். பிறகு மல்வத்து ஓயா கரையோடு நடந்தார்கள். கடலோரத்தில் நம்மவர்கள் அருவியாறு என்று அழைக்கும் ஆறு அது. இரண்டு கரையிலும் செதுக்கிய கல்தூண்களும் கற்குவியல்களும் கணக்கில்லாமல் கிடந்தன. மூன்று நான்கு இடங்களில் கற்பாலங்களின் இடிபாடுகள், சில இன்னும் தூண்மேல் நின்றன. காட்டு யானைக்கும் கண்டிக் காவலுக்கும் பயந்து ஓடுகிறவன், நின்று பார்த்து, இவை முன்பு கட்டடங்களாக இருந்திருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு போயிருக்கிறான். இலங்கைத் தொல்லியல் துறைக்காக எச்.சி.பி. பெல் அனுராதபுரத்தில் முறையாக மண்ணை வெட்டத் தொடங்கியது 1890இல். அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட குறிப்பு இது.

அக்டோபர் 18 அன்று மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார்கள். கொழும்பு, பத்தாவியா வழியாக 1680இல் லண்டன். கையெழுத்துப் படியை ஒழுங்குபடுத்த உதவி, முன்னுரையும் எழுதியவர் விஞ்ஞானி ராபர்ட் ஹுக். அவரைப் போன்றவர்கள் சூழ்ந்திருந்த காலம் என்பதால்தான் துருவலைக்கும் தாளிப்பனை ஓலைக்கும் மதிப்புக் கிடைத்தது என்பது என் எண்ணம். கெட்ட தண்ணீர் குடிக்க நேர்ந்தால் கண்டியில் கருப்பட்டியோடு தின்ற கஞ்சா இலையைப் பற்றியும் நாக்ஸ் அவருக்குச் சொல்லியிருக்கிறான், ஹுக் 1689இல் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் பேசினார். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பத்தொன்பது ஆண்டு கைதியாக இருந்த இதே மனிதன், பின்னாளில் கம்பெனிக் கப்பலுக்குத் தலைவனாகி, அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குப் போனான்.

நாக்ஸ் பார்த்த கைவினைகளில் மிஞ்சியவற்றை அக்கறையோடு தேடிப் பதிவு செய்தவர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து வழிவந்த ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தபோது மலைநாட்டு ஊர்களில் சுற்றியவர். அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908இல் 425 படிகள் மட்டும் அச்சானது. கண்டிக் கொல்லனையும் குயவனையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நாக்ஸையும் குமாரசுவாமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒருவர் வெளியே உட்கார்ந்து துருத்தி ஊதியவர், மற்றவர் கொல்லன் கையைப் பார்த்தவர்.

சாய்மானம் உள்ள இருக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாக்ஸ் தப்பிய சில ஆண்டுகளில், 1690களில், டச்சுக்காரர்கள் அப்போதைய கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஓர் ஆசனம் பரிசளித்தார்கள். மரத்தில் தங்கத் தகடு போர்த்தியது. சாய்மானத்தின் உச்சியில் சூரியன், கைப்பிடிகளில் சிங்கம். வடிவத்தில் அது ஐரோப்பியச் சாய்வு நாற்காலிதான். குடிகளில் யாரும் சாயக் கூடாது என்று சட்டம் வைத்த நாட்டு மன்னனுக்கு, அவனுடைய எதிரிகளே சாய்மானம் செய்து கொடுத்தார்கள். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் அது இங்கிலாந்துக்குப் போய் விண்ட்சர் கோட்டையில் இருந்தது. 1934இல் திரும்பி வந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பு போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். நாக்ஸ் வீட்டு உறியையும் கெண்டியையும் பார்க்க வேண்டுமானால் 1681ஆம் ஆண்டுப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

அடுத்த இதழில்: நாக்ஸ் மலைநாட்டில் தொப்பி பின்னிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் இருந்து தமிழர் வீடுகளைப் பார்த்து எழுதிய டச்சுப் பாதிரியார் பால்தேயு.

(தொடரும்)